இசைத்தட்டில் எஞ்சிய தோடி

ஈழநாட்டின் கீழைக் கரையிலே, கல்முனைக்குத் தெற்கே, சாய்ந்தமருதை அடுத்து அமைந்த ஊர் காரைதீவு. 1892 ஆம் ஆண்டில் அவ்வூரிற் பிறந்து, மயில்வாகனம் என்னும் பிள்ளைப் பெயரோடு கல்முனை மெதடிஸ்த பாடசாலையிற் கல்வி பயின்று, பின்னர் இராமகிருஷ்ண சங்கத்துத் துறவியாய், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கியவர் விபுலாநந்த அடிகளார். அன்னார் பல்லாண்டு முயன்று இயற்றிய யாழ்நூல் 1947 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த திங்களிலேயே அடிகளார் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அந்நூல் எழுந்த நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். யாழ் என்னுங் கருவி தமிழ்நாட்டில் வழக்கொழிந்து பன்னூறு ஆண்டுகள் கழிந்துவிட்டன. அதன் நரம்பினின்றும் எழுந்த ஓர் ஒலியேனும் எவர் செவியிலும் எஞ்சவில்லை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையும், அரும்பதவுரையாசிரியரும் அடியார்க்கு நல்லாரும் விட்டுச்சென்ற உரைப்பகுதிகளும், சிற்பங்களும், கணித நூலறிவுமே அடிகளார்க்குக் கிட்டிய சான்றுகள். நரம்பின் நீளத்திற்கும் சுருதிக்கும் உள்ள விகிதங்களைக் கணக்கிட்டு, பேரியாழும் சகோடயாழும் இவ்வாறு ஒலித்திருத்தல் கூடும் என உய்த்துணர்ந்தார். மூன்று நிமிட நேரம் யாழிசை கேட்டிருப்பாராயின், அந்நூலின் எத்தனை பக்கங்கள் எழுதப்படாமலே நின்றிருக்கும்! எத்தனை பக்கங்கள் புதிதாக எழுதப்பட்டிருக்கும்!

யாழுக்குக் கிட்டாத அப்பேறு நாதசுவரத்துக்குக் கிட்டியுள்ளது. திருவாவடுதுறை டி. என். இராசரத்தினம் பிள்ளை வாசித்த தோடி இராகம், நிமிடத்திற்கு எழுபத்தெட்டுச் சுற்றுச் சுழலும் பழைய இசைத்தட்டிற் பதிந்து இன்றுங் கேட்கக் கிடைக்கின்றது. ஆயினும், கிடைத்த சான்றைச் சான்றாகக் கொள்ளும் வகை அறியாது, "பழைய தட்டு, இரைச்சல் மிகுதி" என்று இரண்டு கணத்தில் நிறுத்திவிடுவோரும் உளர். "ஆகா, அந்தக் காலத்து வாசிப்பு" என்று கண்மூடிப் போற்றுவோரும் உளர். இவ்விரு திறத்தாரும் தட்டைக் கேளாதவரே ஆவர். ஏட்டுச்சுவடியைப் படிக்குங்கால் எழுத்துப் பிழை எது, செல்லரித்த இடம் எது, ஆசிரியர் வாக்கு எது எனப் பிரித்தறிதல் போன்று, இசைத்தட்டையும் படித்தறிதல் வேண்டும்.

இராசரத்தினம் பிள்ளை 1898 ஆம் ஆண்டு ஆகஸ்டு 27 ஆந் தேதி திருமருகலிற் பிறந்தார். நாகூருக்கு அணித்தேயுள்ள பாடல் பெற்ற தலம் அது. நாதசுவரக் கலைஞரான தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளையின் ஆதரவில் வளர்ந்தார். முதலில் வாய்ப்பாட்டையே முறையாகக் கற்றார் என்பது அவர் வரலாற்றிற் குறிப்பாகக் கொள்ளத்தக்கது. திருக்கோடிக்காவல் கிருஷ்ணையரிடம் பாட்டும், அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளையிடம் நாதசுவரமும் பயின்றார். பாட்டை முன்னும் குழலைப் பின்னுங் கற்ற அவ்வரிசை அவர் வாசிப்பின் ஒவ்வொரு பிடியிலும் வெளிப்படும். 'காளமேகம்' என்னுந் திரைப்படத்தில் (1940) தலைமைப் பாத்திரமேற்று நடித்ததும் உண்டு; அதனாற் கலைக்கு விளைந்த ஆக்கம் பெரிதன்று. 1956 டிசம்பர் 12 இல் மறைந்தார். 'நாதசுவரச் சக்கரவர்த்தி' என்ற பட்டம் மக்கள் நாவில் அவர் பெயரோடு ஒட்டி நின்றுவிட்டது.

அவர் காலத்து நாதசுவரக் கச்சேரி இன்றைய மண்டபக் கச்சேரியினும் வேறுபட்டது. சுவாமி புறப்பாட்டின்போது மல்லாரி முழங்கும். பின்னர்த் தேரோடும் வீதியிலே, திருவுருவம் நின்று நின்று செல்ல, இரவின் நடுயாமத்திலே ஓர் இராகத்தை எடுத்து மணிக்கணக்காக விரித்து வாசிப்பர். கேட்போர் வீதியின் இருமருங்கும், திண்ணைகளிலும், குளக்கரையிலும் அமர்ந்திருப்பர். கலைஞர் ஒரு பிடியை வாசித்து நிறுத்தும் இடைவெளியைத் தவில் நிரப்பும். அவ்விடைவெளியிலே அடுத்த பிடி அவருள்ளத்தில் முளைக்கும். தோடி இவ்வாறே வீதியில் நடந்தது. நேரமும் வெளியும் அதன் உறுப்புகளாயிருந்தன.

இதனைக் கொண்டுபோய் ஓர் அறையில் வைத்து, பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்திற் பதியுமாறு கேட்டால் நிகழ்வது யாது? அத்தகைய பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடத்திற்கே இடந்தரும். பன்னிரண்டு அங்குலத் தட்டாயின் நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல். பதிவு நிகழ்ந்தது மெழுகுத் தட்டின்மேல். பதிந்ததில் ஓர் இடத்தை வெட்டி மற்றோர் இடத்தில் ஒட்டுதற்கு வழியில்லை. தவறு நேர்ந்தால் முழுப்பக்கத்தையும் மீண்டும் வாசித்தல் வேண்டும். நேரம் முடியப்போகின்றது என்பதற்கு அறிகுறி காட்டுவார் ஒருவர் எதிரே நிற்பார். இந்நெருக்கடியினுள்ளே இராகத்தின் வடிவம் முழுவதையும் காட்டிவிடுதல் வேண்டும்.

மேனாட்டிலும் இதே இடர் இருந்தது. ஆர்தர் சினாபெல் என்னும் பியானோக் கலைஞர் பீத்தோவனின் முப்பத்திரண்டு சொனாட்டாக்களையும் 1932 முதல் 1935 வரை இலண்டனிற் பதிவு செய்தார். அவையனைத்தையும் முதன்முதலாகத் தட்டிற் பதித்தவர் அவரே. இசைத்தட்டு என்றாலே நெடுநாள் மறுத்துவந்த அவர், ஒருவாறு இசைந்து அப்பணியை மேற்கொண்டார். ஒரு நீண்ட பகுதியை வாசிக்குங்கால் நான்கு நிமிடத்திற்கு ஒருமுறை நிறுத்தி, அடுத்த மெழுகு ஆயத்தமானதும் விட்ட இடத்தினின்று, விட்ட உணர்ச்சியோடு தொடருதல் வேண்டியதாயிற்று. அத்தட்டுகளிற் சில இடங்களிலே தவறிய சுரங்களும் கேட்கின்றன. அவற்றையுங் கேட்டுக்கொண்டே, எண்பது ஆண்டுகளுக்கு மேலாக இசையறிஞர்கள் அத்தட்டுகளை விடாது போற்றிவருகின்றனர். பீத்தோவனின் எண்ணவோட்டம் ஒரு பக்கத்தின் தொடக்கத்தினின்றும் முடிவை நோக்கிச் செல்லும் விசை அவற்றிற் புலனாகின்றது என்பதே காரணம்.

ஆயினும் சினாபெலின் தட்டைக் கேட்போர்க்கு இரண்டு துணைகள் உண்டு. பீத்தோவன் எழுதிய இசைக்குறிப்புக் கையிலிருக்கின்றது. எங்கே தட்டு பொய்த்தது, எங்கே கலைஞர் விலகினார் என ஒப்புநோக்கலாம். பியானோவின் சுருதியும் ஏறத்தாழ வரையறுக்கப்பட்டது. தட்டு வேகமாகச் சுழன்றால் சுருதி உயர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். தோடித் தட்டைக் கேட்போர்க்கு இவ்விரண்டுமில்லை. ஆலாபனைக்கு எழுத்து மூலமில்லை. நாதசுவரத்தின் சுருதியோ கருவிக்குக் கருவி வேறுபடுவது. எனவே நாதசுவரத் தட்டைப் படித்தறியும் வேலை பியானோத் தட்டினும் கடினமானது என்று துணிந்து கூறலாம்.

இக்கடினத்தின் உள்ளே ஒரு நுட்பமான வினா மறைந்துள்ளது. அது சுழற்சி வேகத்தைப் பற்றியது. எழுபத்தெட்டுச் சுற்று என்பது பெயரளவில் நின்ற அளவேயாம். பழைய பதிவுகள் எழுபது முதல் எண்பத்திரண்டு சுற்று வரை பல வேகங்களில் நிகழ்ந்தன. வீட்டுக் கிராமபோன்களிலோ வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு இருந்தது. எழுபத்துநான்கு சுற்றிற் பதிந்த தட்டை எழுபத்தெட்டில் ஓட்டினால் சுருதி ஏறத்தாழ அரைக்கட்டை உயர்ந்துவிடும். இரண்டு கட்டையில் வாசித்தது இரண்டரைக் கட்டையாகக் கேட்கும். அத்தோடு நில்லாது, நடையும் நூற்றுக்கு ஐந்து பங்கு விரையும். கமகத்தின் அசைவு துரிதமாகும். பிருகாக்கள் உள்ளதினும் கூர்மையாகத் தோன்றும். கலைஞர் செய்யாத வித்தையை இயந்திரஞ் செய்து, கேட்போர் அதனைக் கலைஞர் கணக்கில் எழுதிவிடுவர்.

மற்றொரு கலைஞராயின் அரைக்கட்டை வேறுபாட்டைப் பொருட்படுத்தாது விடலாம். இராசரத்தினம் பிள்ளையின் வகையில் அவ்வாறு விடுதல் இயலாது. அவர் நாதசுவரத்திற்குச் செய்த பெருந்தொண்டுகளுள் ஒன்று சுருதியைத் தாழ்த்தியமையே. பழைய வழக்கிலிருந்த கருவி திமிரி எனப்படும். குட்டையானது, நான்கு கட்டைக்கு மேற்பட்ட சுருதியுடையது, வெட்டவெளியில் நெடுந்தொலைவு கேட்பது. பாரி நாதசுவரம் நீண்டது, தாழ்ந்த சுருதியுடையது, வாய்ப்பாட்டின் குரலுக்கு நெருங்கியது. திமிரியை விட்டுப் பாரியைக் கைக்கொண்டு அதனைப் பரவச் செய்தவர் இராசரத்தினம் பிள்ளை. அக்கருவியைச் செப்பஞ் செய்து கொடுத்தவர் கும்பகோணத்துக்கு அண்மையிலுள்ள நரசிங்கம்பேட்டையைச் சேர்ந்த ரங்கநாதன் ஆசாரி. ஆச்சா மரத்தைக் கடைந்து கருவி செய்யும் குடும்பங்கள் வாழும் ஊர் அது. அவ்வூர் நாதசுவரத்திற்கு 2022 ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடும் வழங்கப்பட்டது.

பழைய கருவியிற் சுத்த மத்திமம் நேரே பேசாது. உதட்டாலும் மூச்சாலும் சீவாளியை அடக்கி அதனை வருவித்தல் வேண்டும். ஆசாரி செய்த கருவியில் அச்சுரம் இயல்பாகவே அமைந்தது. தோடியோ சுத்த மத்திமம் உடைய இராகம். ஆகவே, இன்ன தட்டிலுள்ள தோடி எக்கருவியில் வாசிக்கப்பட்டது என்பதை அறிதல் இன்றியமையாதது. கருவியோடு போராடி வென்ற மத்திமமா, கருவி இணங்கித் தந்த மத்திமமா என்பதைப் பொறுத்துக் கலைஞர் செய்த செயலின் மதிப்பே மாறுபடும். கருவியை அறியச் சுருதி ஒன்றே புறச்சான்று. அச்சுருதியைக் கெடுப்பது சுழற்சி வேகம். திருகை ஒரு நூலிழை திருப்பினால் பாரி திமிரியை நோக்கி நகர்கின்றது! தட்டிலிருந்து நாடாவுக்கும், நாடாவிலிருந்து கணினிக்கும் மாற்றியோர் பலர் இதனைக் கருதவில்லை. ஒரே பதிவு வெவ்வேறு சுருதிகளில் உலவுவதற்கு வேறு காரணந் தேட வேண்டியதில்லை.

வேகத்தை எவ்வாறு துணிவது? ஒரே கலைஞரின் பல பதிவுகளை ஒருங்கே வைத்து நோக்குதல் ஒரு வழி. அதே காலத்தில் அதே நிறுவனம் பதிந்த பிறர் தட்டுகளோடு ஒப்பிடல் மற்றொரு வழி. மூன்றாவது வழி மூச்சு. நாதசுவரக்காரரும் மனிதரே, மூச்சு வாங்கும் ஓசையும், இரு மூச்சுகளுக்கிடையே நிகழும் வாசிப்பின் நீளமும் இயல்பினின்று பிறழ்ந்து தோன்றினால் தட்டு ஐயத்துக்குரியது. இவற்றுள் எதுவும் தனித்து முடிவு தாராது; மூன்றும் ஒன்றையொன்று தாங்குமிடத்தே முடிவு நிற்கும்.

இனி, தோடியைக் கேட்கும் முறை. தோடியின் ஆரோகணத்திலுள்ள ஏழு சுரங்களையும் பியானோவின் கட்டைகளிற் காட்டலாம். சட்சம், சுத்த ரிடபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம், பஞ்சமம், சுத்த தைவதம், கைசிகி நிடாதம் என அனைத்தும் அங்குள. அவற்றை வரிசையாக அழுத்தினால் மேனாட்டார் பிரிஜியன் என வழங்கும் பழைய அளவுமுறை ஒலிக்கும்; தோடி ஒலியாது. ஏனெனில் தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதன்று. ரிடபத்திற்கும் மத்திமத்திற்கும் இடையே ஊசலாடும் அசைவே அதன் உரு. எத்துணை மெதுவாக அசைகின்றது, மேலே எதனைத் தொடுகின்றது, கீழே எங்குத் தங்குகின்றது என்பவற்றிலேதான் தோடியின் உயிர் உள்ளது. வீணையில் இதனை நரம்பை இழுத்து உண்டாக்குவர். நாதசுவரத்தில் துளையைப் பாதி மூடியும், சீவாளியின் மீது உதட்டின் அழுத்தத்தை மாற்றியும், மூச்சின் விசையை ஏற்றியிறக்கியும் உண்டாக்குதல் வேண்டும். கருவியிலுள்ள விரல் துளைகள் ஏழே. காவிரிக்கரையில் விளையும் கொறுக்கைத் தட்டையிலே செய்த சீவாளியோ ஈரத்துக்கும் வெயிலுக்கும் தன்மை மாறுவது. இவ்வளவு நிலையற்ற கருவியில் அக்காந்தாரத்தை அசைத்துக் காட்டுதல் சிறு செயலன்று.

ஆதலின் தட்டைக் கேட்போர் முதன்முறை பிருகாக்களின் விரைவில் மயங்காது காந்தாரம் ஒன்றையே தொடர்ந்து செல்லுதல் நலம். இரண்டாம் முறை, பஞ்சமத்தை விடுத்து மத்திமத்தினின்று தைவதத்துக்குத் தாவும் பிடிகளைத் தேடுதல் வேண்டும். தோடியின் முகக்களை பெரிதும் அவற்றில் உள்ளது. மூன்றாம் முறை கேட்கத்தக்கன நிறுத்தங்கள். வீதியிலே தவில் நிரப்பிய இடைவெளிகள் தட்டில் மிகச் சுருங்கியுள்ளன. அச்சுருக்கத்தைக் கண்டுகொண்டால், கேட்போர் தம் உள்ளத்தே அவற்றை மீண்டும் விரித்துக்கொள்ளல் கூடும். மணிக்கணக்கான ஆலாபனையைக் குறுக்கி மூன்று நிமிடமாக்கினார் எனச் சிலர் எழுதுவர். அவ்வாறு கூறுதல் பொருந்தாது. குறுக்கியிருந்தால் எல்லாம் ஓடி முடிந்த களைப்புத் தட்டிற் கேட்கும். இராகத்தின் எப்பகுதி தலையாயது என்று தேர்ந்து அதனை மட்டும் நின்று வாசித்தமையாலேயே அவ்வமைதி அங்கே நிலவுகின்றது. தேர்வின் திறமே தட்டுக் கலைஞனின் தனித்திறம். சினாபெலுக்கு அத்தேர்வைப் பீத்தோவன் முன்னமே செய்து கொடுத்திருந்தார்.

தட்டில் இல்லாதவற்றையும் அறிந்திருத்தல் வேண்டும். 1925 ஆம் ஆண்டில் மின்னொலிவாங்கி கொண்டு பதியும் முறை வருமுன், கூம்பினுட் பாடியும் வாசித்துமே பதிந்தனர். கூம்பு தாழ்ந்த அதிர்வுகளையும் மிக உயர்ந்த அதிர்வுகளையும் ஏற்காது. மின்முறை வந்தபின் நிலை பெரிதுந் திருந்தியதாயினும் முழுமை எய்தவில்லை. ஆதலால் தவிலிற் குச்சியால் அடிக்கும் தொப்பியின் கனம் தட்டில் மங்கும். வலந்தலையில் விரற்கூடுகள் எழுப்பும் வெட்டொலி தெளிவாகக் கேட்கும். நாதசுவரத்தின் உச்சத் தொனியிலுள்ள மினுக்கமும் ஒருசிறிது குறைந்தே கிடைக்கும். பியானோவும் கூம்புக் காலத்தில் மெலிந்து, மணியோசை போன்றே கேட்டது. நாதசுவரம் தன் வலிமையால் அக்காலத்தும் ஓரளவு தப்பியது.

இரைச்சலை நீக்குவதாகக் கூறி இக்காலத்துக் கணினிகள் செய்யும் தூய்மைப் பணியையும் ஐயத்தோடு நோக்குதல் தகும். ஊசி உரசும் ஓசையும் சீவாளியின் மூச்சோசையும் அதிர்வெண்ணில் நெருங்கியவை. ஒன்றைத் துடைத்தால் மற்றொன்றும் உடன் போகும். பின்னர் எஞ்சுவது மனிதர் ஊதாத நாதசுவரம். சற்று நேரம் இரைச்சலோடு கேட்டால் செவி தானே அதனைப் பிரித்து ஒதுக்கிவிடும். கடற்கரையில் வாழ்வோர் அலையோசைக்கு நடுவே உரையாடுதலைப் போன்று.

கடற்கரை என்றதும் மீண்டும் அம்பாறைக் கரையோரத்தை நோக்குதல் பொருத்தமாகும். பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என முஸ்லிம் ஊர்களும் சைவ ஊர்களும் ஒரே சாலையின் மீது தொடுத்த மாலை போல அமைந்துள்ளன. ஓர் ஊரின் ஒலிபெருக்கி ஒலிப்பது மற்றோர் ஊரின் செவியிலும் விழுந்தே தீரும். கோயில் விழாவின் நாதசுவரத் தட்டும், கலியாண வீட்டு நாகூர் ஈ. எம். ஹனிபாவின் பாட்டும் வேலி கடந்தே ஒலித்தன. கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகை நினைவாக ஆண்டுதோறும் கொடியேற்ற விழா நிகழ்கின்றது. அந்நாகூருக்குச் சில கல் தொலைவிலேயே இராசரத்தினம் பிள்ளை பிறந்த திருமருகல் உள்ளது என்பதை ஈண்டு நினைவுகூரலாம்.

நாதசுவரம் கோயிற் கருவியாயினும், ஒரு சமயத்தார் கையில் மட்டும் நின்றதன்று. ஆந்திர நாட்டுக் கரவடியிற் பிறந்த ஷேக் சின்ன மௌலானா (1924–1999) தலைமுறை தலைமுறையாக நாதசுவரம் வாசித்த முஸ்லிம் குடும்பத்தவர். தஞ்சைப் பாணியின்பாலும் இராசரத்தினம் பிள்ளையின் வாசிப்பின்பாலும் கொண்ட பெருவிருப்பால், நாச்சியார்கோயில் இராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் வந்து பயின்று, பின்னர்த் திருவரங்கத்தையே தம் ஊராகக் கொண்டார். நாதசுவரப் பள்ளி ஒன்றையும் அங்கு நிறுவினார். 1998 ஆம் ஆண்டிற் சங்கீத கலாநிதிப் பட்டம் பெற்றார். தெலுங்கு நாட்டிலிருந்து நாச்சியார்கோயிலுக்கு அவர் மேற்கொண்ட பயணம் இசைத்தட்டின் எல்லையையுங் காட்டுகின்றது. பாணி இன்னது என்பதைச் செவி தட்டிலிருந்து அறியலாம். உதடு சீவாளியை அழுத்தும் அளவை ஆசிரியரின் எதிரே அமர்ந்தே அறிதல் கூடும். எனினும் எதனை நாடிச் செல்வது என்னும் வேட்கையைத் தட்டு மூட்டும், அதுவுஞ் சிறிதன்று. யாழ்ப்பாணத்திலே தவிலுலகை வியப்பித்த தட்சிணாமூர்த்தி (1933–1975) போன்றோர் வளர்ந்த சூழலிலும், தமிழகத்திலிருந்து திருவிழாக்களுக்கு வந்து வாசித்த விற்பன்னர்களை நேரிற் கேட்டதும் அவர்தம் தட்டுகளைக் கேட்டதும் ஒன்றோடொன்று கலந்தே இருந்தன.

பழைய தட்டுகள் அரக்கினாலானவை. அவ்வரக்கு பெரும்பாலும் இந்தியக் காடுகளிலே பூச்சிகள் மரக்கொம்புகளிற் சுரந்தது. கல்கத்தாவில் 1908 ஆம் ஆண்டு முதலே தட்டு அச்சிடும் தொழிற்சாலை இயங்கியது. அரக்குத் தட்டு எளிதில் நெளியாது. கீழே விழுந்தாற் பீங்கான் போல் நொறுங்கும். உப்புக் காற்றும் ஈரமும் அதன்மேற் பூஞ்சணம் படர்விக்கும். 1978 நவம்பரில் வீசிய சூறாவளியும், 2004 டிசம்பர் 26 இல் எழுந்த ஆழிப்பேரலையும் இக்கரையோர வீடுகளைப் பாழாக்கின. ஆழிப்பேரலையால் இலங்கையில் மிகுதியான உயிரிழப்பு நேர்ந்தது அம்பாறை மாவட்டத்திலேதான். அத்துணை உயிர்கள் மாண்ட இடத்தே பெட்டியிலிருந்த தட்டுகளை எண்ணுவார் யார்? ஆயினும் அழிந்த வீடுகளோடு ஒரு தலைமுறையின் கேள்விச் செல்வமும் கடலிற் சென்றது என்பது மெய்யே. இன்று எங்கேனும் ஒரு பரணில், ஒரு பழைய பெட்டியில் எஞ்சியிருப்பது எதுவாயினும் அது ஏட்டுச்சுவடிக்கு நிகரானது.

அவ்வாறு கிடைத்த தட்டைக் கையாளும்போது செய்யத்தகாதன சில உண்டு. மதுசாரங் கலந்த நீர்மங்களால் துடைத்தல் ஆகாது. அரக்கு மதுசாரத்திற் கரைந்துவிடும், பள்ளத்தோடு தோடியும் உடன் கரையும். சிறிதளவு நீரும் மென்மையான துணியும் போதும். நடுவிலுள்ள தாள் நனையாதிருத்தல் வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க அடுக்காது, நூல்களைப் போல் நிமிர்த்தி வைத்தல் வேண்டும். நெடுந்தட்டுக்குரிய மெல்லிய ஊசியைக் கொண்டு ஓட்டுவதும் தவறு. அவ்வூசியின் முனை ஏறத்தாழ ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு. பழைய தட்டின் பள்ளத்திற்கு மூன்று பங்கு வேண்டும். மெல்லிய ஊசி பள்ளத்தின் அடியிற் படிந்த தூசியிலே உழுது செல்லும். இரைச்சல் என்று பலர் வெறுப்பது பெரும்பாலும் அத்தூசியின் ஓசையே. பழைய கிராமபோனின் எஃகு ஊசியோ ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒருமுறை மாற்றுதற்குரியது. மாற்றாது ஓட்டிய வீடுகளின் தட்டுகளில், பெரிதும் விரும்பிக் கேட்கப்பட்ட பக்கமே மிகுதியாகத் தேய்ந்திருக்கும். தோடிப் பக்கம் சாம்பல் நிறமேறி, மறுபக்கம் கருமை மாறாதிருக்குமாயின், அத்தட்டுக்கு உரியோர் எதனைக் கேட்டனர் என்பதைத் தட்டே கூறிவிடும்.

கணினிக்கு மாற்றுவோர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. இரைச்சல் நீக்காத மூலப் பதிவு ஒன்றைத் தனியே வைத்து, ஓட்டிய வேகம், ஊசியின் அளவு, தட்டின் நடுவிலுள்ள எண், மெழுகிற் கீறிய எண் ஆகியவற்றை அதனோடு எழுதிவைத்தல் வேண்டும். வேகத்தைப் பற்றிய ஐயம் எழுந்தால் அதனையும் மறையாது குறித்தல் நன்று. சுருதியைத் திருத்த முற்படும் ஒருவர் பின்னர் வரும்போது, எவ்விடத்திலிருந்து தொடங்குவது என்பது அவருக்கு அக்குறிப்பினாற் புலனாகும்.